பொன்னாடை போதாது: விடுதலைப் போராளிகளுக்குச் சட்ட உரிமை வேண்டும்

ஆகஸ்ட் 15 வந்தால் மாவட்டத் தலைநகரங்களின் அணிவகுப்புத் திடல்களில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கிறது. கொடி ஏற்றப்படும், காவலர் அணிவகுப்பு முடியும், பின்னர் பந்தலின் முன்வரிசையில் அமர்த்தப்பட்டிருக்கும் முதியவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் பொன்னாடை போர்த்துவார். சித்தூரிலும் திருப்பதியிலும், எல்லைக்கு இப்பால் வேலூரிலும் திருவள்ளூரிலும், காட்சி ஒன்றே. ஆண்டுதோறும் அந்த நாற்காலிகள் குறைகின்றன. 1942-ல் பதினாறு வயதில் சிறை சென்றவர் இன்று நூறு வயதை ஒட்டியிருப்பார். அவர்களுக்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் அவர்களுடைய துணைவியரும் மகள்களுமே அந்தப் பந்தலில் அமர்ந்திருக்கிறார்கள்.

நாற்காலிகள் காலியாகிவிட்டால் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும் என்று அரசு எண்ணுகிறது. அது தவறு. விடுதலைப் போராளி என்று ஒருவரை ஏற்பது யார், எந்த ஆதாரத்தைக் கொண்டு, எந்தப் போராட்டத்தை விடுதலைப் போராட்டமாக எண்ணி என்ற கேள்விகள் அவர்களுடைய ஆயுளோடு முடிவதில்லை. அவை இந்த நாட்டின் விடுதலையை வென்றவர்கள் யார் என்ற கேள்வியோடு பிணைந்தவை. அதனால்தான் இந்தக் கணக்கை இடதுசாரி இயக்கம் முடிக்காமல் விட இயலாது.

திட்டம் வந்த வழி

அந்தமான் சிறைக் கைதிகளுக்கு 1969-ல் மத்திய அரசு ஓய்வூதியம் அறிவித்தது. விடுதலையின் வெள்ளிவிழாவையொட்டி 1972 ஆகஸ்ட் 15 முதல் எல்லா விடுதலைப் போராளிகளுக்குமான ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தாமிரப் பட்டயங்கள் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு மட்டுமே. 1980 ஆகஸ்ட் 1 முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டு, ‘ஸ்வதந்திரதா சைனிக் சம்மான்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. ‘சம்மான்’ என்றால் மரியாதை. ஏழைக்கு இடும் உதவி என்ற நிலையிலிருந்து, நாடு செலுத்தும் மரியாதை என்ற நிலைக்குத் திட்டம் மாறியது என்று அப்போது சொல்லப்பட்டது. இதுவரை நாடெங்கும் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டுள்ளது. 2016 ஆகஸ்ட் 15 முதல் அந்தமான் கைதிகளுக்கு 30,000 ரூபாய், பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே துன்புற்றவர்களுக்கு 28,000, இந்திய தேசிய இராணுவத்தினர் உள்ளிட்ட ஏனையோருக்கு 26,000 என அடிப்படைத் தொகை உயர்த்தப்பட்டு, அகவிலைப்படியும் இணைக்கப்பட்டது. இரயில்வே இலவசப் பயணச் சீட்டும் மருத்துவ வசதியும் உண்டு.

தொகையைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, அந்தத் தொகையை நெருங்கும் வாயிலில் இருக்கிறது.

வெள்ளையன் எழுதியதே சாட்சி

ஓய்வூதியம் பெற ஆறு மாதச் சிறை வேண்டும்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். தலைமறைவாக இருந்தவர் ஆறு மாதங்களுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அதோடு அவர் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர் தலைக்கு விலை வைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர் மீது பிறப்பித்த காவல் ஆணை நிறைவேற்றப்படாமல் இருந்திருக்க வேண்டும். சொத்துப் பறிமுதல், வேலை பறிப்பு, துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் நிரந்தர ஊனம், பத்துக் கசையடி ஆகியனவும் தகுதிகளே.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால் அதன் தர்க்கம் விளங்கும். ஒருவர் நாட்டுக்காகப் போராடினார் என்பதற்கு, அவரை ஒடுக்கிய அரசின் காவல் நிலையமும் சிறைச்சாலையும் எழுதிவைத்த காகிதமே முதற்சாட்சி. பிரிட்டிஷ் ஆட்சி யாரைக் குறித்து எழுதியதோ அவர் போராளி. யாரை அது குறிக்கவே மறந்ததோ, அல்லது பெயர் கேட்காமலே அடித்து அனுப்பியதோ, அவர் போராளி அல்லர்.

தலைமறைவாய் இருந்த தலைவருக்குச் சோறு கொண்டுபோன விவசாயத் தொழிலாளிப் பெண்ணின் பெயரில் பிடியாணை இருந்ததில்லை. துண்டறிக்கையை மடியில் மறைத்து ஊர் ஊராய்க் கொண்டுசென்ற சிறுவனின் தலைக்கு யாரும் விலை வைத்ததில்லை. ஐந்து மாதச் சிறையில் காசநோயோடு வெளியே வந்த நெசவாளிக்கு ஆறாவது மாதம் கிடையாது. பத்து அடிக்குக் கணக்கு உண்டு; ஒன்பது அடிக்கு இல்லை. ஒவ்வொரு வரம்பும் ஒரு வர்க்கக் கோட்டை வரைகிறது. படித்தவர், பெயர் பெற்றவர், வழக்காட வல்லவர் கோட்டின் உள்ளே, கைநாட்டுக்காரர் வெளியே.

நான்கு மாநிலங்களில் சிதறிய சிறைச்சீட்டு

சித்தூரின் வரலாற்றை அறிந்தால் இந்தக் காகிதச் சுமையின் கொடுமை இன்னும் துலங்கும். 1911 வரை சித்தூர் நகரம் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த ஆண்டில்தான் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1 வரை அது சென்னை மாகாணத்தின் பகுதி. பிறகு ஆந்திர மாநிலம். 1956 முதல் ஆந்திரப் பிரதேசம். படாஸ்கர் தீர்ப்பின் விளைவாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சித்தூரிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது.

விடுதலைப் போராட்டக் காலத்தில் சென்னை மாகாணத்தின் அரசியல் கைதிகள் வேலூர், இராஜமுந்திரி, பெல்லாரியின் அலிபுரம், கண்ணூர் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். இன்று வேலூர் தமிழ்நாட்டில், இராஜமுந்திரி ஆந்திரத்தில், பெல்லாரி கர்நாடகத்தில், கண்ணூர் கேரளத்தில். அப்படியானால் நகரியிலோ சத்தியவேட்டிலோ கைதாகி, இரண்டு சிறைகளுக்கு மாற்றப்பட்டு விடுதலையான ஒரு போராளியின் மனைவி, தன் கணவரின் ஆறு மாதத்தை நிறுவுவதற்கு எத்தனை மாநிலங்களின் சிறைத்துறைக் கதவுகளைத் தட்ட வேண்டும்? திருத்தணிக்காரர் ஒருவர் இன்று தமிழ்நாட்டின் குடிமகன். ஆனால் 1942-ல் அவருடைய வட்டம் சித்தூர் ஆட்சியரின் கீழ் இருந்தது. கூடூர்க்காரரின் பழைய கோப்பு நெல்லூரில். அவருடைய மாவட்டம் 2022-ல் திருப்பதி ஆயிற்று. மாநில எல்லைகளை வரைந்தவர்களும் மாவட்டங்களைப் பிரித்தவர்களும் வரைபடத்தை மட்டுமே பார்த்தனர். கோப்புகளுக்காகக் காத்திருந்த மனிதர்களைப் பார்க்கவில்லை.

திருச்சானூரில் பிறந்து, பின்னாளில் மக்களவைத் தலைவராக உயர்ந்த மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார் தனிநபர் சத்தியாகிரகத்திலும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்திலும் சிறை சென்றவர். அவருடைய சிறைவாசம் நாடாளுமன்றக் குறிப்புகளிலேயே பதிவாகியுள்ளது. அவர் அழைப்பை ஏற்று அதே மாவட்டத்தில் ஊர்வலம் சென்றவர்களுக்கோ அப்படிப்பட்ட குறிப்பேடு இல்லை. அவர்களுக்கு இருந்தது உடன் சிறையிருந்தவர்களின் சான்று மட்டுமே. அந்தச் சான்றைத் தர வேண்டியவர்களும் இன்று மண்ணில் இல்லை. சிறை ஆவணம் கிடைக்கவில்லை என்பதற்கு அந்தந்த மாநில அரசு ‘ஆவணம் இல்லை’ எனும் சான்று தர வேண்டும். அதன் பிறகுதான் மாற்றுச் சான்று பரிசீலிக்கப்படும். ஆவணத்தைத் தொலைத்தது அரசு. அதற்கான தண்டனை அனுபவிப்பவர் விண்ணப்பதாரர்.

நீதிமன்றம் சொன்னதும் அலுவலகம் செய்வதும்

இந்த நிலையை உச்ச நீதிமன்றமே கண்டித்துள்ளது. ஹைதராபாத் நிஜாம் ஆட்சிக்கு எதிரான 1938-39 ஆரிய சமாஜ இயக்கத்தினர் தொடுத்த முகுந்த் லால் பண்டாரி வழக்கில் 1993-ல் அளித்த தீர்ப்பு முக்கியமானது. 1982 மார்ச் 31 என்ற கெடு தேதிக்குப் பின் வந்தது என்பதற்காக ஒரு விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது. மரியாதைக்குக் கெடு தேதி இருக்க இயலாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்று, விடுதலைப் போராளியின் கோரிக்கையைக் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நிகழ்ந்திருக்க வாய்ப்பு உண்டா என்று பார்த்தால் போதும் என்றது. திட்டத்தின் நோக்கம் மரியாதை என்றால், சரிபார்க்கும் முறையும் மரியாதையுடன் இருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் தீர்ப்புகள் வழக்காடியவருக்கே பயன்பட்டன. அதே கேள்வியை அடுத்தவர் மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. திருமணமாகாத, வேலையற்ற மகள்களுக்கு ஓய்வூதியம் உண்டு என்று விதி சொல்கிறது. கணவனால் கைவிடப்பட்டு, விவாகரத்து பெற்று, தந்தையின் வீட்டுக்கே திரும்பிவிட்ட மகளுக்கு? பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2016-ல் அத்தகைய ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மகள் என்ற உறவைத் திருமணம் என்ற அளவுகோலால் அளக்கும் பழைய சிந்தனை விதிக்குள் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மகளும் ஒவ்வொரு உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டும் என்றால் அது உரிமை அன்று, சூதாட்டம்.

போலிகளைத் தடுக்கவே கடுமை என்று அதிகாரிகள் வாதிடுவர். போலிகள் இருந்தனர் என்பது உண்மை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் போலி விடுதலைப் போராளிகள் குறித்த விவகாரம் 2005-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எனினும் போலி எங்கே முளைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சான்று வழங்கும் அதிகாரம் சில பெரிய மனிதர்களின் கையில் இருக்கும் இடத்தில், கோப்பு மக்கள் பார்வைக்கு வராத இடத்தில், தரகர் நுழைகிறார். கிராம சபையில் பெயர்களை உரக்கப் படித்துக் கேட்டால், யார் சிறை சென்றார், யார் செல்லவில்லை என்று ஊருக்குத் தெரியும்.

திட்டமா, சட்டமா?

இங்கே அடிப்படைக் கேள்வி எழுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடுதலைப் போராளிகளின் ஓய்வூதியம் உள்துறை அமைச்சகத்தின் ஒரு திட்டமாகவே இருந்துவருகிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. திட்டத்தை அமைச்சகம் மாற்றலாம், சுருக்கலாம், சுற்றறிக்கை ஒன்றால் விளக்கத்தையே திருத்தலாம். மேல்முறையீட்டுக்குச் சட்டப்படியான அமைப்பு இல்லை; விண்ணப்பத்தை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதை அவசரநிலைக் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டால் முரண் தெளிவாகும். 1975-77 காலத்தில் மிசாவில் சிறையிருந்தவர்களை ‘ஜனநாயகப் போராளிகள்’ என்று ஏற்று, உத்தரப் பிரதேசம் 2016-லும் மத்தியப் பிரதேசம் 2018-லும் தனிச் சட்டமே இயற்றின. அவசரநிலையை எதிர்த்துச் சிறை சென்றவர்களில் இடதுசாரிகளும் உண்டு; அவர்களுக்கு மரியாதை செய்வதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் அவர்களுடைய மரியாதைக்குச் சட்டத்தின் காவல் தேவை என்று உணர்ந்த ஆட்சியாளர்களுக்கு, பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர்களின் மரியாதைக்கு அந்தக் காவல் தேவை என்று தோன்றவில்லை. ஏன்? விடுதலைப் போராட்டத்தில் பங்கு கோர ஒன்றுமில்லாத அரசியல் மரபு, அந்தப் போராட்டத்தின் பெருமையைச் சட்டமாக்குவதில் ஆர்வம் காட்டாது என்பதே விடை.

மாநிலங்களின் நிலையும் சீரானதாக இல்லை. தமிழ்நாடு தன் மாநில ஓய்வூதியத்தை 2024 ஆகஸ்ட் 15 அன்று 21,000 ரூபாயாக அறிவித்தது. எல்லைப் போராட்டத்தில் ஈடுபட்ட எல்லைக் காவலர்களுக்கும் தமிழ்நாட்டில் உதவித்தொகை உண்டு. ஒரே மாகாணத்தில், ஒரே அரசை எதிர்த்து, ஒரே சிறையில் இருந்த இருவரின் குடும்பங்கள், இன்று எல்லைக்கோட்டின் எப்பக்கம் வாழ்கின்றன என்பதைப் பொறுத்து வெவ்வேறு மரியாதையைப் பெறுகின்றன.

எது விடுதலைப் போர் என்று தீர்மானிப்பது யார்?

ஓய்வூதியத்தை விடப் பெரியது அங்கீகாரம். இந்தக் களத்தில் கம்யூனிஸ்ட் இயக்கம் கொடுத்த விலையும் பெற்ற வெற்றியும் தோழர்கள் நினைவில் நிற்க வேண்டியவை.

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ தளத்தில் தொடங்கிய கடற்படை எழுச்சிக்குக் காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைமைகள் கை கொடுக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி கொடுத்தது. பம்பாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து குண்டடி பட்டனர். நீக்கப்பட்ட மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை மீண்டும் சேர்க்கவில்லை. இந்திய தேசிய இராணுவத்தினருக்கும் அதே கதி. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழ்க் கூலித் தொழிலாளர்கள், ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய அவர்களுடைய மகள்கள் ஆகியோரிடம் எந்தச் சிறைச்சீட்டு இருந்திருக்கும்? போர் முடிந்ததும் அவர்களை ‘வெள்ளை, சாம்பல், கறுப்பு’ என்று தரம் பிரித்தது பிரிட்டிஷ் இராணுவம். அந்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சைகல், பின்னர் செங்கொடியின் கீழ் கான்பூரின் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 2002-ல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார்.

பின்னர் கடற்படை எழுச்சி ஓய்வூதியத் திட்டத்தின் பட்டியலில் ஏறியது. 1946 அக்டோபரின் புன்னப்புரா–வயலார் எழுச்சிக்கு விடுதலைப் போராட்டம் என்ற மத்திய அங்கீகாரம் 1998-ல்தான் கிடைத்தது. கம்யூனிஸ்டான இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சராக இருந்த காலம் அது. அரை நூற்றாண்டுப் போராட்டத்துக்குப் பின் வந்த வெற்றி. ஆனால் வென்றது நிலைக்கும் என்று இருந்துவிட இயலாது. ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகியவற்றின் தியாகிகளைத் தொகுத்த இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் அகராதியின் ஐந்தாம் தொகுதியிலிருந்து, மலபார் எழுச்சியின் 387 பெயர்களை நீக்கச் சொல்லி 2021-ல் ஒரு குழு பரிந்துரைத்தது. வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜியும் அலி முஸ்லியாரும் அந்த நீக்கப் பட்டியலில் இருந்தனர். சட்டத்தின் காவல் இல்லாத அங்கீகாரம் எவ்வளவு எளிதில் அழிக்கப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தெலங்கானாவின் கதை இன்னும் கூர்மையானது. 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து 1951 வரை நீடித்த ஆயுதப் போராட்டத்தில் 3,000 கிராமங்கள் நிலப்பிரபுக்களின் பிடியிலிருந்து விடுபட்டன. 10 லட்சம் ஏக்கர் நிலம் உழுதவர் கைக்கு வந்தது. 4,000 கம்யூனிஸ்டுகளும் விவசாயப் போராளிகளும் கொல்லப்பட்டனர் என்று தோழர் பி. சுந்தரய்யா பதிவு செய்துள்ளார். இன்றைய திருப்பதி மாவட்டத்தின் பக்கத்திலேயே, நெல்லூரின் அலகானிபாடில் பிறந்தவர் அவர். 2022 முதல் மத்திய அரசு செப்டம்பர் 17-ஐ ‘ஹைதராபாத் விடுதலை நாள்’ என்று கொண்டாடுகிறது. விடுதலை நாள் உண்டு. ஆனால் அந்த மேடையில் கொமரய்யாவுக்கும் சாக்கலி அய்லம்மாவுக்கும் உரிய இடம் இல்லை. நிஜாமின் ரசாக்கர்களை எதிர்த்த உழவர்களின் போரை மதப் போராக மாற்றிச் சொல்வதே அந்த விழாவின் நோக்கம்.

1947-க்குப் பிறகும் ஒடுக்குமுறையின் சிறைகள் அதே சிறைகளாகவே இருந்தன. 1941-ல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பிய ஏ.கே.கோபாலன், விடுதலை பெற்ற இந்தியாவில் கடலூர்ச் சிறையில் காவலில் இருந்தபடியே தடுப்புக்காவல் சட்டத்தை எதிர்த்து 1950-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவர்களில் யாருடைய தியாகத்துக்கும் 1947 ஆகஸ்ட் 15 ஒரு முற்றுப்புள்ளி அன்று. ஆனால் இவர்களைப் பொறுத்தவரை திட்டத்தின் விதிகளுக்கு அது முற்றுப்புள்ளிதான்.

நம் கண்முன் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. எட்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்த, 1947 ஆகஸ்ட் 14 அன்று மதுரைச் சதி வழக்கிலிருந்து விடுதலையான தோழர் என்.சங்கரய்யாவுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் வழங்க முடிவெடுத்தது. ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்பம் இட மறுத்தார். 2023 நவம்பர் 15 அன்று அந்தப் பட்டம் இன்றியே சங்கரய்யா மறைந்தார். அவருக்கு அதனால் குறை ஏதுமில்லை. ஆனால் நூறு வயது கடந்த விடுதலைப் போராளியின் மரியாதையை ஓர் ஆளுநரின் பேனா தடுத்து நிறுத்த முடியும் என்பதே இன்றைய நிலை.

நிலமும் நெருப்பும்

அங்கீகாரத்தோடு நலவாழ்வின் இன்னொரு முகம் நிலம். அரசியல் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் சென்னை மாகாணக் காலம் தொட்டே விடுதலைப் போராளிகளுக்குப் புறம்போக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. ஆந்திரத்தில் 1977-ம் ஆண்டின் ஒப்படை நிலச் சட்டம், ஏழைக்குக் கொடுத்த நிலத்தைப் பணக்காரர் வாங்குவதைத் தடை செய்தது. 2023-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 20 ஆண்டுகள் கடந்த ஒப்படை நிலங்களை விற்க வழி திறக்கப்பட்டது. மனை வணிகத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் திருப்பதியைச் சுற்றிய ஊர்களில் இது எதைக் குறிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

2024 ஜூலை 21 இரவு, பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில் சப்-கலெக்டர் அலுவலகம் தீப்பற்றியது. நிலக் கோப்புகள் எரிந்தன. சதி இருக்கலாம் என்று மாநில அரசே ஐயுற்று விசாரணைக்கு ஆணையிட்டது. ஏழைகளின் ஒப்படை நிலத்துக்கு ஒரே சான்று ஓர் அலுவலகத்தின் அலமாரியில் உள்ள காகிதம் என்றால், அந்த நிலத்தைப் பறிக்க ஒரு தீக்குச்சி போதும். போராளியின் பெயரும் அவருக்குத் தரப்பட்ட நிலமும் ஒரே அலமாரியில் இருப்பது அடையாளத்துக்கும் ஆபத்து, வாழ்வுக்கும் ஆபத்து.

உலகம் தரும் பாடம்

ஏனைய நாடுகளின் அனுபவம் இரண்டு பக்கமும் பாடம் சொல்கிறது. தென்னாப்பிரிக்கா 2011-ல் படைவீரர் சட்டம் இயற்றி, நிறவெறி அரசை எதிர்த்த விடுதலைப் படைகளின் போராளிகளையும் படைவீரர்களாக ஏற்றது. வீடு, மருத்துவம், கல்வி ஆகியவற்றைச் சட்டத்திலேயே எழுதியது. கென்யாவில் மாவ் மாவ் போராளிகளின் அமைப்பு மீதான காலனியக் காலத் தடை 2003 வரை நீடித்தது. பிரிட்டிஷ் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்த பிறகே 2013-ல் 5,228 பேருக்கு இழப்பீடு கிடைத்தது. பங்களாதேஷ் தன் விடுதலைப் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களை 2015-ல் விடுதலைப் போராளிகளாகவே அங்கீகரித்தது. ஆறு மாதச் சிறையைக் கேட்கும் இந்திய விதி எட்டாத உயரம் அது.

அதே பங்களாதேஷ் எச்சரிக்கையும் தருகிறது. போராளிகளின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அரசு வேலைகளில் 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. வேலையின்மையில் தவித்த மாணவர்கள் 2024 ஜூலையில் தெருவுக்கு வந்தனர்; நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்; ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை 5 விழுக்காடாகக் குறைத்தது; ஆகஸ்ட் 5 அன்று ஆட்சியே கவிழ்ந்தது. ஜிம்பாப்வேயில் 1997-ல் போர்வீரர் இழப்பீட்டு நிதியை ஆளுங்கட்சி மேல்மட்டத்தினர் சுருட்டியது அம்பலமானது. மரியாதை பரம்பரைச் சலுகையாகவும் ஆளுங்கட்சியின் பரிசாகவும் மாறும்போது அது மக்களிடமிருந்து பிரிந்துவிடுகிறது. கோர வேண்டியது பரம்பரைச் சலுகை அன்று. வெளிப்படையான, சட்டத்தால் காக்கப்பட்ட உரிமை.

தியாகத்துக்கு விலையா?

இங்கே இயக்கத்துக்குள்ளேயே எழும் ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நம் தலைவர்கள் பலர் தியாகி பென்ஷனை வாங்க மறுத்தவர்கள். ‘தகைசால் தமிழர்’ விருதின் 10 லட்சம் ரூபாயை அப்படியே முதலமைச்சரின் நிவாரண நிதிக்குத் திருப்பியவர் சங்கரய்யா. தியாகத்துக்கு விலை கேட்கலாமா என்று தோழர்கள் தயங்குவது இந்த மரபினால்தான்.

அந்த மரபு போற்றத்தக்கது. ஆனால் மறுப்பது தலைவரின் உரிமை. மறுக்கப்படுவது தொண்டரின் துயரம். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கட்சி காத்த தலைவருக்குக் கட்சி அலுவலகம் வீடாயிற்று. அவரைக் காத்த விவசாயத் தொழிலாளியின் மனைவிக்கு முதியோர் ஓய்வூதியம் தவிர வேறில்லை. அதிலும் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக மாதம் 200 ரூபாய் மட்டுமே. ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய் தருகிறது என்றால், அதில் மத்திய அரசின் கை எவ்வளவு சிறியது என்று பார்க்கலாம். தேசபக்தியை நாள்தோறும் முழங்கும் அரசு, நான்கு ஆண்டு அக்னிவீரரை ஓய்வூதியம் இன்றி வீட்டுக்கு அனுப்புவதும் இதே மனநிலையில்தான். உழைப்பையும் உயிரையும் கேட்கும்போது நாடு. முதுமையில் சோறு கேட்கும்போது சுமை.

காகிதம் இருப்பவருக்கு மரியாதை ஓய்வூதியமும், காகிதம் இல்லாதவர் உள்ளிட்ட அனைத்து உழைப்பாளிகளுக்கும் கண்ணியமான முதியோர் ஓய்வூதியமும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. இரண்டாவதற்கான போராட்டம் வலுப்பெறும்போதுதான் முதலாவதன் வரம்புகளால் வெளியே தள்ளப்பட்டவர்களுக்கும் நீதி கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

நாடாளுமன்றத்தில் விடுதலைப் போராளிகள் அங்கீகாரச் சட்டம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட போராட்டங்களின் பட்டியல் அந்தச் சட்டத்தின் இணைப்பாக அமைய வேண்டும். நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி ஒரு பெயரும் நீக்கப்படக் கூடாது. ஆவணம் தொலைந்தால் அதை நிறுவும் பொறுப்பு அரசினுடையது என்று சட்டம் சொல்ல வேண்டும். மனைவிக்கும், திருமண நிலை எதுவாயினும் ஆதரவற்ற மகளுக்கும் ஓய்வூதியம் தானாகவே மாற வேண்டும். காலக்கெடுவும் மேல்முறையீட்டு அமைப்பும் வேண்டும்.

தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநில அரசுகளும் பழைய சென்னை மாகாணச் சிறைப் பதிவேடுகளை ஒன்றாக எண்ணியமாக்கி, எந்த மாவட்டத்துக்காரரும் தன் ஊரிலிருந்தே தேடும் வகையில் திறந்துவைக்க வேண்டும். இது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்தால் கரையான் முடித்துவிடும் வேலை.

அரசு செய்யட்டும் என்று காத்திராமல் இப்போதே தொடங்கக் கூடியதும் உண்டு. சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம், எல்லைக்கு இப்பால் திருத்தணி ஆகிய பகுதிகளின் கிளைகள், தமிழும் தெலுங்கும் பேசும் தோழர்கள் கைகோத்து, ஊர் ஊராகச் சென்று பெயர்களைத் தொகுக்க வேண்டும். எவர் சிறை சென்றார், எவர் சோறிட்டார், எவர் அடிபட்டார் என்பதை இன்னும் சொல்லக் கூடிய எண்பது, தொண்ணூறு வயதுப் பெண்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடும் இடத்தோடும் எழுதி, கிராம சபையில் படித்து, தீர்மானமாக்கி, ஆட்சியரிடம் அளிக்கலாம். வெள்ளையனின் காவல் நிலையம் எழுத மறந்த பெயர்களை மக்கள் எழுதுவார்கள்.

அடுத்த ஆகஸ்ட் 15 அன்று அந்தப் பந்தலில் இன்னும் சில நாற்காலிகள் குறைந்திருக்கும். அவற்றில் அமர வேண்டியவர்களின் பெயர்கள் அதற்குள் ஊர்த் தீர்மானங்களில் ஏறியிருக்க வேண்டும். அது நம் கையில் உள்ள வேலை.